குட்டிக் குதிரையின் குளம்பு வெட்டு: கோணமா, அடிப்பக்கமா, நடையா?

லாடக்காரர் அரத்தைக் கீழே வைத்ததும், வெட்டு சரியாக அமைந்ததா என்று மூன்று விதமாகப் பார்க்கலாம். பக்கவாட்டில் நின்று, குளம்பின் முன்சுவர் தரையோடு சேரும் கோணத்தைப் பார்க்கலாம், காலைத் தூக்கி அடியைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். வளரும் குட்டிக்கு என் வரிசை இது: அடிப்பக்கம் முதலில், நடை அடுத்து, கோணம் கடைசி. பலர் கோணத்தோடு தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

கோணத்துக்கு அவ்வளவு மவுசு இருப்பதற்குக் காரணம், அதில் ஒரு எண் கிடைக்கிறது. முன்னங்கால் என்றால் 45 டிகிரி என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று 50-ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ இருப்பதே இயல்பு என்கிறார்கள். ஆனால் குட்டிக்குக் குட்டி அது மாறும். எண்ணைவிட உருப்படியானது ஒரு கோடு: கணுவிலிருந்து (குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டு) குளம்புக்கு இறங்கும் சாய்வும் குளம்பின் முன்சுவரின் சாய்வும் ஒடியாமல் ஒரே கோடாக ஓட வேண்டும். கோடு பின்பக்கமாக ஒடிந்தால் நுனி நீண்டு குதிகால் தாழ்ந்திருக்கிறது, காலின் பின்னால் இருக்கும் தசைநாண்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கும். முன்பக்கமாக ஒடிந்தால் குதிகால் உயர்ந்திருக்கிறது.

இதில் ஏமாற இடமுண்டு. முன்சுவரை வெளியிலிருந்து அரத்தால் தேய்த்தே கோட்டை அழகாகக் காட்டிவிடலாம், சுவர்தான் மெலிந்துபோகும். குட்டி அரை அடி காலை நகர்த்தி நின்றாலே கோணம் வேறாகத் தெரியும். கோணத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரின் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை.

அடிப்பக்கத்தில் இப்படி மறைக்க முடியாது. காலைத் தூக்கிப் பிடித்து, நுனிக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அடித்தோல் அமுங்கினால் கத்தி அதிகமாகப் போயிருக்கிறது. குதிகாலிலிருந்து நடுவரை நீளும் முக்கோண மெத்தையின் இருபுறமும் பள்ளம் ஓடும். மெத்தையின் முனையருகே அந்தப் பள்ளம் ரொம்ப ஆழமில்லாமல் இருந்தால், உள்ளே எலும்புக்குக் கீழே போதுமான தடிமன் இல்லை என்று சந்தேகிக்கலாம். மெத்தையைச் சீவிச் சீவி வடிவமாக்கியிருந்தால் அதுவும் தேவையில்லாத வேலை, தொங்கும் துணுக்குகளை எடுத்தாலே போதும். பிறகு குளம்பின் அகலமான இடத்தில் மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் நீண்டிருந்தால் நுனியை விட்டுவிட்டார்கள். சுவரும் அடித்தோலும் சேரும் வெள்ளைக் கோடு ஒல்லியாக, ஒரே அகலத்தில் இருப்பது நல்லது; ஒரு பக்கம் அகன்றிருந்தால் சுவர் அங்கே இழுபடுகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: பிறந்த குட்டியின் குளம்பு மேலே அகன்றும் தரையில் குறுகியும் இருக்கும். அது நோயல்ல, பெரிய குதிரையின் வடிவத்துக்கு அதை வெட்டித் திருத்தக் கூடாது.

இடவலச் சமநிலையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மார்பு குறுகிய இளங்குட்டி நுனியைச் சற்று வெளியே திருப்பி நிற்பது இயல்பு. மார்பு அகல அகலத் தானே நேராகும். பார்க்க நேராக இருக்கட்டும் என்று வெளிப்பக்கத்தைத் தாழ்த்தி வெட்டினால், வளர்ந்த பிறகு நுனி உள்நோக்கித் திரும்பும் ஆபத்து உண்டு. முட்டி, கணு, குளம்பு மூன்றும் ஒன்றாக வெளியே பார்த்தால் சமமாக வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம். முட்டி நேராகப் பார்க்க, கணுவுக்குக் கீழே மட்டும் வளைந்திருந்தால் விஷயம் வேறு. கணுவை ஒட்டிய வளர்ச்சித் தட்டின், அதாவது எலும்பு நீளும் இடத்தின், வேலை பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும், அதனால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முட்டியை ஒட்டிய தட்டுக்கு இன்னும் நிறைய அவகாசம் உண்டு.

நடையைப் பார்க்கச் சமதளமான கெட்டித் தரை வேண்டும். குட்டி நேராக நடக்காது, தாயை முன்னால் நடத்தினால் பின்னாலேயே வரும். கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் பதிந்து பாருங்கள். பாதம் தட்டையாகவோ குதிகால் சற்று முந்தியோ பதிவது நல்லது. நுனி முதலில் குத்தினால் குதிகாலில் வலி இருக்கலாம். ஆனால் மூட்டு வலியும் நடையைக் கெடுக்கும், அதனால் நடையை மட்டும் வைத்து வெட்டைக் குறை சொல்ல முடியாது. வெட்டுக்கு முன் சாதாரணமாக நடந்த சரளைக் கல்லில் மறுநாள் தயங்கித் தயங்கி அடியெடுத்து வைத்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், வெட்டிய அன்றே முழுத் தீர்ப்பும் கிடைக்காது. பெரிய குதிரையின் குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குள் வளரும்போது, சின்னக் குட்டிக்கு 15 மில்லிமீட்டர் வரை வளரலாம். அதனால்தான் பெரியதற்கு ஆறு முதல் எட்டு வாரம், குட்டிக்கு நான்கு வாரம் என்று இடைவெளி வைக்கிறார்கள். நான்காவது வார முடிவில் அதே பக்கம் மறுபடி விரிந்திருந்தால் வெட்டு அங்கே சமமாக இல்லை, அல்லது கால் இருபக்கமும் சமமாகப் பாரம் போடவில்லை. எது என்று தெரிய, அடுத்த தடவை லாடக்காரர் கத்தியை எடுப்பதற்கு முன்பே அந்தக் காலைத் தூக்கி அவரிடம் காட்டிக் கேளுங்கள்.