சுழல்: உடன் நிற்பவரை எதுவரை நம்பலாம்?

குற்றவாளி யார் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் பார்ப்பவர்களுக்குச் 'சுழல்' தொடரின் எட்டுப் பகுதிகள் சற்று நீளமாகவே தோன்றும். காவல் நிலையத்துக்குள் யார் யாரை எதுவரை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை எந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது என்பதைக் கவனிப்பவர்களுக்கோ அந்த நீளம் பெரிய குறையாகத் தெரியாது. அமேசான் பிரைம் வீடியோவில் முதல் பருவம் 2022 ஜூன் 17 அன்றும் இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரி 28 அன்றும் வெளிவந்தன. இரண்டாவது வந்த கையோடு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை (குடியிருப்பை)ச் சேர்ந்த சிலர் முதல் பருவத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையில் (தெருவோரச் சாப்பாட்டுக் கடையில்) கூடும்போது இரண்டையும் பற்றிச் சேர்த்தே வாதம் நடக்கிறது. அந்த வாதங்களைக் கேட்டும் அவற்றில் கலந்துகொண்டும் எழுதிய மதிப்புரை இது. கொலையாளியின் பெயரை இங்கே எங்கும் சொல்லவில்லை. ஆனால் பாத்திரங்களுக்கிடையே உறவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத் தொடாமல் இத்தொடரைப் பற்றிப் பேச வழியில்லை.

கதை நடக்கும் சாம்பலூர் கற்பனையான மலையடிவார ஊர். சிமெண்டு ஆலையை நம்பியே அந்த ஊர் பிழைக்கிறது. ஆலைத் தொழிற்சங்கத்தின் தலைவர் சண்முகம் (பார்த்திபன்). அவருக்கும் காவல் ஆய்வாளர் ரெஜினா தாமஸுக்கும் (ஸ்ரியா ரெட்டி) ஏழாம் பொருத்தம். ஆலை தீப்பற்றி எரியும் அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ரெஜினாவின் கீழே பணிபுரியும் உதவி ஆய்வாளர் சக்கரை (கதிர்) தேடத் தொடங்குகிறார். ஊர் முழுவதும் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. மேல்மலையனூரில் மாசி அமாவாசையையொட்டி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் உக்கிரம் தெரியும். நம் தோட்டத்துக் கோயில்களின் தீமிதியை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்குக்கூட, சாமி ஊர்வலம் போகும் நாளில் எல்லாரும் வெளியே இருப்பார்கள், ஆனால் யார் எங்கே இருந்தார்கள் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது புதிதல்ல. துப்பறியும் கதைக்கு இதைவிட வசதியான பின்னணி கிடைப்பது அரிது. எழுத்தாளர்கள் அதை வீணாக்கவில்லை.

எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி. முதல் பருவத்தைப் பிரம்மாவும் அனுசரணும் இயக்கியிருக்கிறார்கள். இவர்கள் இயக்கி 2017-இல் வந்த 'விக்ரம் வேதா' படத்திலும், ஒரு காவல் அதிகாரி தன் நண்பனும் சக அதிகாரியுமானவரின் சாவைத் தோண்டப்போய், தன்னோடு வேலை செய்பவர்களைப் பற்றியே யோசிக்க வேண்டிய நிலைக்கு வந்து சேருவார். உடன் நிற்பவரை எதுவரை நம்பலாம் என்ற கேள்வி இந்த இணையரை விடுவதாக இல்லை. இரண்டரை மணி நேரப் படத்தில் அதற்கு ஒரு திருப்பம்தான் கொடுக்க முடிந்தது. இங்கே எட்டுப் பகுதிகள் கிடைத்திருப்பதால் அதையே மெல்ல மெல்ல, ஒரு பகுதியில் ஒட்டவைத்ததை அடுத்த பகுதியில் பிரித்துக்காட்டி விளையாட முடிந்திருக்கிறது.

முதல் பருவத்தின் உயிர்நாடி சக்கரைக்கும் ரெஜினாவுக்கும் இடையிலான உறவுதான் என்பது என் கருத்து. தொடக்கத்தில் சக்கரை அவரை வியந்து பார்க்கும் இளைஞர். கதிரின் உடல்மொழியே உத்தரவை எதிர்பார்த்து நிற்பவருடையதாக இருக்கிறது. வழக்கு நகர நகர, ரெஜினாவின் மகன் அதிசயத்தின் பெயர் அதற்குள் வந்துவிடுகிறது. அந்தக் கணம் முதல் ரெஜினா விசாரிக்கும் அதிகாரியாகவும் விசாரிக்கப்பட வேண்டிய வீட்டின் தாயாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். சக்கரை தன் மேலதிகாரியிடம் கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் பணிவு போய்விடும், கேட்காவிட்டால் வழக்கு போய்விடும். இந்த இக்கட்டைக் கூச்சலில்லாமல் கையாண்டிருப்பதுதான் இத்தொடரின் பெரிய சாதனை. யாரும் மேசையைத் தட்டி வசனம் பேசுவதில்லை. ஒருவர் முழுவதையும் சொல்லவில்லை என்பது மற்றவருக்குத் தெரிகிறது. தெரிந்தது என்பதும் முதலாமவருக்குத் தெரிகிறது. இருந்தும் அடுத்த நாள் காலையில் இருவரும் ஒரே வேலையைத் தொடர்கிறார்கள். பல காலமாகத் திரையில் முரட்டுத்தனத்துக்கே அழைக்கப்பட்ட ஸ்ரியா ரெட்டியிடமிருந்து இவ்வளவு அடக்கமான நடிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஒட்டுக்கடையில் வாதம் சூடேறுவதும் இந்த இடத்தில்தான். போலீசில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும், சட்டம் படிக்கும் மாணவி ஒருத்தியும் எதிரெதிர்க் கட்சி. மகன் பெயர் வழக்கில் அடிபட்ட அன்றே ரெஜினா விசாரணையிலிருந்து முற்றாக விலகியிருக்க வேண்டும், விலகாமல் நின்றதே முதல் நம்பிக்கைத் துரோகம் என்பது மாணவியின் வாதம். பெரியவர் தே தாரிக் (நுரைத்தேநீர்) கிளாஸ் இரண்டை மேசையில் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, "இது மேலதிகாரி, இது சின்னவன்" என்றார். பிறகு பெரிய கிளாஸைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்ப இந்தச் சின்னவன் யாருகிட்ட போய் ரிப்போர்ட் கொடுப்பான், சொல்லும்மா?" என்று கேட்டார். சின்ன ஊரின் நிலையத்தில் விலகி நிற்பதற்கு இன்னொரு அதிகாரி வேண்டுமே என்பது அவர் கட்சி. "மாமா, ஆள் இல்லைங்கிறதுக்காக சட்டம் மாறாது" என்று மாணவி விடாமல் சொன்னாள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கதையைப் பொறுத்தவரை ரெஜினா விலகாமல் இருப்பதில்தான் சுவையே இருக்கிறது. அவர் ஒதுங்கியிருந்தால் சக்கரைக்கு மனப்போராட்டமே இல்லை. புதிதாக வரும் அதிகாரிக்கு உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பார்.

சண்முகத்தைப் பற்றிய வாதம் வேறு வகையானது; எங்கள் ஊருக்கே உரியது என்றுகூடச் சொல்லலாம். ஆலை எரிந்தவுடன் எல்லாருடைய பார்வையும் தொழிற்சங்கத் தலைவர் பக்கம் திரும்புகிறது. சாட்சியம் எதுவும் வருமுன்பே அவர்தான் கொளுத்தியிருப்பார் என்று அதிகாரத்தில் உள்ளவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சென்னையில் இருந்து பார்ப்பவருக்கு இது கதையை நகர்த்தும் ஓர் உத்தி. சுங்கை சிப்புட்டில் இருந்து பார்ப்பவருக்கு அப்படியல்ல. 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயாவில் பிரிட்டிஷார் அவசரகாலம் அறிவித்ததும், அதன் வேகத்தில் தொழிற்சங்கக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிபட்டதும், தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த மலாயா கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் இங்கே பாட்டன் சொல்லிப் பேரன் கேட்ட செய்திகள். தோட்டத்தில் சங்கப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், சண்முகத்தை முதல் பகுதியிலேயே நம்பிவிட்டதாகவும், அவர் குரலை உயர்த்தும் காட்சிகளில் தனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை என்றும் சொன்னார். அந்த நம்பிக்கை சரியா என்பதைப் பார்ப்பவர்களே முடிவு செய்யட்டும். மகளைத் தேடும் தகப்பனும் சங்கத்தை நடத்தும் தலைவனும் ஒரே ஆளுக்குள் மோதிக்கொள்வதைப் பார்த்திபன் தம் வழக்கமான சொல்விளையாட்டுகளை ஓரங்கட்டிவிட்டு நடித்திருப்பது மட்டும் மறுக்க முடியாதது.

சக்கரை மேலதிகாரியிடமிருந்து விலக விலக, வேறொருவர் அவர் அருகே வருகிறார். சண்முகத்தின் மூத்த மகளும், தந்தையோடு ஒட்டாதவளுமான நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) தங்கையைத் தேடுவதற்காக வந்து, சிறிது சிறிதாக விசாரணையின் பங்காளியாகிவிடுகிறார். சீருடை அணிந்தவர் மறைக்கிறார், சீருடை இல்லாதவர் துணை நிற்கிறார் என்ற இந்த மாற்றத்தைப் பார்வையாளர்களில் பலர் காதலுக்கான அடித்தளமாகப் பார்த்துவிட்டார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. நந்தினியும் எல்லாவற்றையும் சொல்பவர் அல்லர். அவர் வாய்திறக்கத் தயங்குவதற்கும் ரெஜினா வாய்திறக்கத் தயங்குவதற்கும் காரணங்கள் முற்றிலும் வேறு. ரெஜினா தம்மைக் காத்துக்கொள்வதற்காக மௌனமாக இருக்கிறார். நந்தினிக்கோ சொல்லக் கற்றுத்தரப்படவே இல்லை. இந்த வேறுபாடு கடைசிப் பகுதிகளில் வெளிப்படும்போது, சக்கரை இரண்டு மௌனங்களையும் ஒரே தராசில் வைத்திருந்தாரே என்று நமக்கு உறைக்கிறது. முதல் பருவத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது நந்தினியின் காட்சிகள்தாம் அதிகம் மாறித் தெரிகின்றன.

இரண்டாம் பருவம், பிரம்மாவும் சர்ஜுனும் இயக்கியது, நந்தினி சிறையில் இருக்கும் நிலையில் தொடங்குகிறது. கதை காளிப்பட்டினம் என்ற கடலோர ஊருக்கு இடம்பெயர்கிறது. அங்கே அஷ்டகாளித் திருவிழா, குலசேகரன்பட்டினத்துத் தசராவை நினைவூட்டும் கோலாகலம். நந்தினிக்காக வாதாடுபவரும் சக்கரை தந்தையைப் போல் மதிப்பவருமான வழக்கறிஞர் செல்லப்பா (லால்) பூட்டிய அறைக்குள் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். இளம்பெண்கள் எட்டுப் பேர் காவல்துறையின் பிடிக்குள் வந்து, ஒவ்வொருவரும் தானே கொன்றதாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதே நிமிர்ந்து உட்கார வைக்கும் முடிச்சு இது. ஒட்டுக்கடையில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை.

ஆனால் சேர்ந்து விசாரிக்கும் இருவரின் உறவைப் பொறுத்தவரை இங்கே ஒரு படி இறக்கம் இருக்கிறது. விசாரணை ஆய்வாளர் மூர்த்தியின் (சரவணன்) பொறுப்பில் நடக்க, சக்கரையும் அதில் சேர்ந்துகொள்கிறார். வெளியூர்க்காரர், இறந்தவருக்கு வேண்டியவர், இறந்தவரின் கட்சிக்காரர் மீது அன்பு வைத்திருப்பவர் என்று சக்கரையைச் சந்தேகிக்க மூர்த்திக்குக் காரணங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. முதல் பருவத்தில் ரெஜினா எந்த நாற்காலியில் இருந்தாரோ, ஏறக்குறைய அந்த நாற்காலியில் இப்போது சக்கரையே உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தலைகீழ் மாற்றத்தை எழுத்தாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது; ஆனால் தோண்டவில்லை. சரவணன் இயல்பாக நடித்திருக்கிறார், இருவருக்கும் இடையே மரியாதை வளர்வதும் நம்பும்படி இருக்கிறது. ஆயினும் அந்த மரியாதைக்கு உண்மையான சோதனை என்று எதுவும் வருவதாக எனக்குப் படவில்லை. நட்பு கைகூடிவிட்டது என்று அறிவிக்கப்படுவதுபோல் அது முடிந்துவிடுகிறது. சட்டம் படிக்கும் மாணவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் பருவத்தின் உண்மையான இணை மூர்த்தியும் சக்கரையும் அல்லர், அந்த எட்டுப் பெண்களும்தான் என்கிறாள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் எட்டுப் பேர் நிற்பதற்கு என்ன வகையான நம்பிக்கை வேண்டும் என்று அவள் கேட்டபோது சார்ஜன் மாமாவே சற்று யோசித்தார். அவள் சொல்வதை ஏற்றுக்கொண்டால் இந்தப் பருவம் இன்னும் நன்றாகத் தெரிகிறது என்பது உண்மை. என்றாலும் எட்டுப் பேரில் நான்கைந்து பேருடைய முகங்கள்தாம் மனத்தில் தங்குகின்றன; மற்றவர்களுக்குத் தனித்தனி இயல்பு எழுதப்படவில்லை. கௌரி கிஷனின் முத்து மட்டும் விதிவிலக்கு.

செல்லப்பா பற்றிய சரடு இதைவிடக் கனமானது. தந்தையாக நினைத்த ஒருவரின் நற்பெயரையே தடயமாக எடுத்து ஆராய வேண்டிய நிலைக்குச் சக்கரை தள்ளப்படும் காட்சிகளில் கதிர் முதல் பருவத்தைவிடத் தேறியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. இரண்டு பருவங்களிலும் நடுவில் ஒரு பகுதி அளவுக்கு யார் மீதாவது பொய்ச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுக் காலம் கடத்துகிறார்கள். சாம் சி.எஸ். இசை திருவிழாக் காட்சிகளில் உடுக்கையும் பறையுமாக உலுக்கினாலும், இருவர் தாழ்ந்த குரலில் பேசும் இடங்களிலும் பின்னால் முழங்கிக்கொண்டே இருப்பது இடைஞ்சல். நம்பிக்கை உடையும் காட்சிக்கு மௌனத்தைவிட நல்ல வாத்தியம் இல்லை என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் பருவம் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. மலாய்க்கார, சீன நண்பர்களோடு பார்ப்பதாக இருந்தாலும் தமிழ் ஒலியை வைத்துக்கொண்டு கீழே எழுத்தை ஓடவிடுவதே நல்லது, ஏனென்றால் ரெஜினாவும் சக்கரையும் எதை எந்தத் தொனியில் விட்டுவிடுகிறார்கள் என்பது மாற்றுக்குரலில் காணாமற்போய்விடும். இருட்டில் எடுத்த காட்சிகள் மிகுதி. பகலில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். சிறார் மீதான வன்முறை இரண்டு பருவங்களிலும் கதையின் மையத்துக்கு வருகிறது. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும் தொடர் இது அன்று. முதல் பருவத்தை விட்டுவிட்டு இரண்டாவதைத் தொடவும் வேண்டாம். நந்தினி எதற்காகக் கம்பிக்குப் பின்னால் இருக்கிறார் என்பதை இரண்டொரு வரியில் கேட்டுத் தெரிந்துகொள்பவருக்குச் சக்கரை ஏன் ஒவ்வொரு முறையும் அவரைப் பார்க்கப் போகிறார் என்பது புரியாது.