பண்டல் கடையில் எடுத்த ஃபிளமெங்கோ ஜெர்சி: சில வருடம் நனைத்துப் பார்த்த பிறகு

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பண்டல் துணிக் (மூட்டையாக வரும் பழைய துணி) குவியலுக்குள்ளிருந்து இழுத்தெடுத்த சட்டை இது. சிவப்பும் கறுப்பும் படுக்கைக் கோடு, நெஞ்சில் பின்னிக்கிடக்கும் சி.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்து. விலை ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக்கு மேல் போகவில்லை. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்து ஃபிளமெங்கோ அணி ஜெர்சி. பந்து விளையாட நான் இதைப் போட்டதே இல்லை, டிராகன் படகுப் பயிற்சிக்கு மட்டும்தான். வாரக் கடைசியில் தெலுக் பஹாங் அணைக்கட்டில் நனையும், மற்ற நாளெல்லாம் பால்கனியில் தொங்கும்.

முதல் நல்ல குணம், காய்கிற வேகம். இருபது பேர் துடுப்புப் போடுகிற படகில், முன்னால் இருப்பவர் கிளப்புகிற தண்ணீர் முழுக்கப் பின்னால் இருப்பவர் மேல்தான் விழும். பருத்திச் சட்டை என்றால் லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். இது பாலியஸ்டர். கரையேறி, பசியாறப் போய் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்காரும்போது முதுகு காய்ந்திருக்கும்.

அடுத்தது நிறம். தோள்பட்டையில் சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, கழுத்து ஓரத்தில் கறுப்பு பழுப்படித்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. இந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

ஃபிளமெங்கோ என்றால் நம்மவர்களுக்குக் கால்பந்துதான். ஆனால் அது 1895-ல் படகுக்காகத் தொடங்கிய மன்றம். பெயரில் இன்றைக்கும் முதலில் நிற்பது ரெகாட்டா, அதாவது படகுப் போட்டிதான். கடற்கரைப் பேட்டை இளைஞர்கள் சிலர் காசு போட்டு 'பெருசா' என்ற பழைய படகை வாங்கி, பழுது பார்த்து, கடலில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். காற்று புரட்டிப் போட்டது. ஒருவர் உதவி தேடிக் கரைக்கு நீந்த, மற்றவர்களை வேறொரு படகு வந்து மீட்டது. அதோடு போயிற்றா? மறுபடி சரிசெய்யக் கொடுத்திருந்த படகை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். ஆட்கள் சளைக்கவில்லை. இன்னொரு படகுக்குப் பணம் சேர்த்து, மன்றத்தையே தொடங்கிவிட்டார்கள். தொடங்கியது நவம்பர் 17. பிரேசிலின் குடியரசு நாளோடு சேரட்டும் என்று 15-ஐப் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்கள். நம்மூர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன!

அவர்களுடைய முதல் நிறம் நீலமும் பொன்மஞ்சளும். இறக்குமதித் துணி, விலை கூடுதல், வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டுச் சீக்கிரம் வெளுத்தது. 1896-ல் சிவப்பு கறுப்புக்கு மாறினார்கள். ஆக, தண்ணீரில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் இது.

கால்பந்து வந்தது 1911-ல். அதே ஊர் ஃபுளுமினென்சே மன்றத்தில் பூசல் முற்றி, அந்த ஆண்டு பட்டம் வென்ற அணியில் பெரும்பாலோர் வெளியேறி இங்கே வந்தார்கள். கூட்டி வந்த அல்பெர்த்தோ போர்ஜெத் ஏற்கனவே இங்கே துடுப்புப் போட்டவர். இருந்தும் படகுக்காரர்களுக்கு இஷ்டமில்லை. பிரிவைக் கொடுத்தார்கள், சட்டையைக் கொடுக்கவில்லை! 1912 மே 3-ல் முதல் ஆட்டம், மங்கேய்ரா அணியை 16-2 என்று துவைத்து எடுத்தார்கள். அன்றைக்கும் போட்டது நாலு கட்டம் பிரித்த வேறு சட்டை. காகிதப் பட்டத்தின் பெயரை அதற்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். அடுத்து வெள்ளைக் கோடும் சேர்ந்த ஒன்று. முதலாம் உலகப் போர் சமயத்தில் அது ஜெர்மன் கொடி மாதிரி தெரிந்ததால் அதையும் கைவிட்டார்கள். 1916-ல்தான் படகுச் சட்டை பந்துக்காரர்கள் உடம்பில் ஏறியது. அந்த நாலைந்து வருடப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது அங்கே இல்லாத விளையாட்டு குறைவு. கூடைப்பந்தில் 2014, 2022 இரண்டிலும் கண்டங்களுக்கிடையிலான கோப்பை. தோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வாங்கிய ரெபேக்கா அன்ட்ராடே அந்த மன்றத்து வீராங்கனை. இதையெல்லாம் என் மாமாவிடம் சொல்லிப் பயனில்லை. அவர் லிவர்பூல் வெறியர். சட்டையைப் பார்த்ததுமே, "டேய், 81-ல தோக்கியோவுல நம்மள மூணு அடிச்சவனுங்கடா. அதப் போட்டுக்கிட்டு என் வீட்டுக்கு வராத" என்றார். அந்த ஆட்டத்தில் ஃபிளமெங்கோவுக்கு நூனெஸ் இரண்டு கோல், அடிலியோ ஒன்று, எல்லாம் முதல் பாதியிலேயே. அந்த அணியின் நட்சத்திரம் சீக்கோவின் பெயரைச் சொன்னால் மாமா இன்னும் பேச்சை மாற்றுவார்.

குறைகளுக்கு வருகிறேன். ரியோக்காரர்கள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, படகில் மாட்டிய துடுப்பை இழுப்பவர்கள். நாங்கள் முன்பக்கம் பார்ப்பவர்கள், துடுப்புக்குக் கைதான் பிடிமானம். இடுப்பைப் படகின் விளிம்போடு ஒட்டி வைத்துக் குனிய வேண்டும். நான் இடப்பக்க ஆள். அதனால் சட்டையில் இடது இடுப்புப் பக்கம் மட்டும் உள்ளங்கை அளவுக்கு நூல் பிசிறி, உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கிறது. வலது பக்கம் புதுசு போலிருக்கிறது.

சின்னம் அதைவிட மோசம். தைத்ததல்ல, சூட்டில் ஒட்டியது. லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் சரியாக அதன் மேல்தான் உட்காரும். முதல் வருடமே எஃப் எழுத்தின் மேல்கோடு உரிந்தது, இப்போது சி மட்டும்தான் முழுசாக மிஞ்சியிருக்கிறது. யார் தயாரித்தது, அசலா போலியா என்று பண்டல் சட்டையில் ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாடையும் உண்டு. பாலியஸ்டர் வியர்வையை விடாது. வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்துத் துவைத்தால் போகும். வாசனைக்காக சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், துணி வியர்வையை உறிஞ்சுவதே நின்றுவிடும். உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுவதால்தான் நிறம் இவ்வளவு நாள் தாங்கியது என்று நினைக்கிறேன்.

படகுக்கென்றே எடுப்பதானால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், கையை மேலே தூக்கித் துடுப்பை இறக்கும்போது அக்குள் பிடிக்காது. சின்னம் தைத்ததா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். லோரோங் கூலிட்டில் ஃபிளமெங்கோவையும் அதே சிவப்பு கறுப்பு போடும் இத்தாலியின் ஏசி மிலானையும் ஒரே குவியலில்தான் போடுவார்கள். கோடு படுக்கையாக ஓடினால் ஃபிளமெங்கோ, நெட்டுக்கு நின்றால் ஏசி மிலான். கடைக்காரரிடம் கேட்டால் இரண்டையும் மிலான் என்றுதான் சொல்வார்.