ரிமோட் டெஸ்க்டாப் தாமதமும் லைசென்சிங் டயக்னோசரும்

விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் (தொலைவிலிருந்து பலர் நுழைந்து வேலை செய்யும் சர்வர்) அமைத்துப் பலர் வேலை செய்யும் அலுவலகங்களில், கடவுச்சொல் கொடுத்த பிறகும் இணைப்பு இழுத்தடித்தால், பழி முதலில் இணைய வேகத்தின் மீதுதான் விழுகிறது. அப்படி நுழைவதற்கான லைசென்ஸை வழங்கும் லைசென்ஸ் சர்வரை யாரும் நினைப்பதில்லை. அதைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் தரும் கருவிதான் ஆர்டி லைசென்சிங் டயக்னோசர். இதற்குத் தனி விலை கிடையாது.

வழங்கக்கூடிய லைசென்ஸ்கள் எத்தனை, பர் யூசர் (ஆளுக்கு ஒன்று) முறையா பர் டிவைஸ் (சாதனத்துக்கு ஒன்று) முறையா, எந்த லைசென்ஸ் சர்வர் குறிக்கப்பட்டுள்ளது ஆகியவற்றை ஒரே திரையில் காட்டுகிறது. எச்சரிக்கையோடு நிறுத்தாமல், செய்ய வேண்டிய திருத்தத்தையும் அதன் கீழேயே எழுதித் தருவது இதன் பெரிய பலம். லைசென்ஸ் சர்வர் இல்லாமலே இயங்க விடும் 120 நாள் சலுகைக் காலம் முடிந்து பயனர்கள் வெளியே நிற்கும் நிலை வருவதற்கு முன்பே, லைசென்ஸ் முறை தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதை இதில் பார்த்துவிடலாம்.

குறை தெரிவது தாமதத்தைத் தேடும்போதுதான். எப்போதோ கழற்றி வைத்த சர்வரின் பெயர் குரூப் பாலிசியில் (விண்டோஸ் அமைப்புகளை நிர்வாகி வகுக்கும் இடம்) முதலாவதாகவும், இயங்கும் சர்வரின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தால், பழையதற்குத் தொடர்பு இல்லை என்று டயக்னோசர் காட்டும். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருப்பதில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்பதைச் சொல்லாது. நேரம் என்ற அளவுகோலே இதில் இல்லை.

ஆகவே பக்கத்தில் இன்னொரு சோதனையும் தேவை. நிர்வாகி கணக்கில், ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கும் எம்எஸ்டிஎஸ்சி (mstsc) கட்டளையுடன் அட்மின் (/admin) என்ற விருப்பத்தைச் சேர்த்து இணைந்தால் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் கேட்கப்படுவதில்லை. அவ்வழி உடனே திறந்து, வழக்கமான வழி மட்டும் தயங்கினால், சந்தேகம் லைசென்ஸ் பக்கம் வலுக்கிறது. அதன்பின் பழைய பெயரை நீக்குவதும், லைசென்ஸ் சர்வரை நோக்கி 135-ஆம் போர்ட்டும் 49152 முதல் 65535 வரையிலான ஆர்பிசி (ஒரு கணினி மற்றொன்றின் சேவையை அழைக்கும் முறை) போர்ட்டுகளும் ஃபயர்வாலில் திறந்துள்ளனவா என்று பார்ப்பதும் எளிது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு செஷன் ஹோஸ்டை மட்டுமே இது ஆராய்வதால், பல ஹோஸ்டுகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இயக்கிப் பார்க்க வேண்டும்.