மதுரைல லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஃபயர் அலாரம் போட்டு ஃபயர் லைசென்ஸ் வாங்கின அனுபவம் (சர்வீஸ் ரிவ்யூ)

ஹாஸ்டல், லாட்ஜ், மேன்ஷன் வச்சிருக்கவங்க யாராச்சும் ஃபயர் அலாரம் போட ஆள் தேடிட்டு இருந்தா இதை படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. எங்களோடது வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குற ஹாஸ்டல், தரைத்தளம் போக மூணு மாடி. நாங்க வேலை குடுத்தது டவுனுக்குள்ள இருக்க ஒரு சின்ன கடை, முதலாளியும் அவர்கிட்ட வேலை பார்க்குற நாலஞ்சு பசங்களும்தான், ஷோரூம் எல்லாம் கிடையாது. 5க்கு நாலரை தாராளமா குடுப்பேன், அந்த அரை ஏன் குறைஞ்சதுன்னு கீழ சொல்றேன்.

2024 செப்டம்பர் 12 விடியக்காலை இங்க கட்ராபாளையத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜ் வெடிச்சு தீப்பிடிச்சு உயிர்ச்சேதமே ஆகிப்போச்சு. மதுரைக்காரங்க யாருக்கும் அது மறக்காது, ஹாஸ்டல் நடத்துறவங்களுக்கு சுத்தமா மறக்காது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்குன்னு 2014லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்திருச்சு, அதுப்படி கலெக்டர்கிட்ட லைசென்ஸ் எடுக்கணும், அதுக்கு கட்டட உறுதி, சுகாதாரம், ஃபயர் எல்லாத்துக்கும் சர்டிபிகேட் வைக்கணும். இதுல நிறைய பேரு திணறுறது ஃபயர்லதான், ஏன்னா மத்தது பேப்பர்ல முடிஞ்சிரும், இதுக்கு கட்டடத்துலயே வேலை பார்க்கணும்.

கொட்டேஷன் கேட்கும்போதே ஆளை கண்டுபிடிச்சிரலாம். ஒருத்தர் வாட்ஸ்அப்ல மாடி எத்தனை, ரூம் எத்தனைன்னு மட்டும் கேட்டுட்டு உடனே ரேட் போட்டுட்டார், கூடவே "என்ஓசி (தீயணைப்புத் துறையோட தடையில்லாச் சான்று) எல்லாம் நாங்களே வாங்கிக் குடுத்துருவோம், நீங்க ஆபீஸ் பக்கமே வர வேண்டாம் மேடம்"னு ஒரு பேக்கேஜ். தயவுசெஞ்சு இதுல விழுந்துராதீங்க. ஃபயர் லைசென்ஸ் குடுக்குறது தீயணைப்புத் துறை, நிலைய அலுவலர் நேர்ல வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவாரு, மாவட்ட அலுவலர் அதை வச்சு முடிவு பண்ணுவாரு. அலாரம் மாட்டுற கடைக்காரர் அதுக்கு கேரண்டி குடுக்கிறேன்னு சொன்னாலே எனக்கு நெருடுது. நாங்க எடுத்த கடைக்காரர் நேர் எதிர், "அக்கா, வேலையை நான் ஐஎஸ் 2189 படி பண்ணித் தர்றேன், டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் தர்றேன், இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு கூட நிக்கிறேன், லைசென்ஸ் உங்க பேர்ல நீங்க ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க"ன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டார். ரேட் கொஞ்சம் கூடத்தான், ஆனா அந்த ஒரு பேச்சுக்கே வேலையை குடுத்தோம்.

அந்த ஐஎஸ் 2189ங்கிறது அலாரம் எங்க எப்படி மாட்டணும், எப்படி பராமரிக்கணும்னு சொல்ற இந்திய ஸ்டாண்டர்ட். கட்டடம் முழுசோட தீ பாதுகாப்புக்குன்னா நேஷனல் பில்டிங் கோட் 2016ல நாலாவது பகுதி. இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு விட்டுராதீங்க, கொட்டேஷன்ல இந்த நம்பர் எழுதியிருக்கான்னு மட்டுமாவது பாருங்க. எங்க கட்டடம் 18.30 மீட்டருக்கு உள்ளதான், அதுக்கு மேல போனாதான் ஹைரைஸ், அவங்களுக்கு பிளான் அப்ரூவல் அப்பவே தீயணைப்புத் துறை என்ஓசி வேணும், அது வேற ரூட். ஆனா சின்ன கட்டடம்னா அலாரம் தேவையில்லைன்னு நினைக்கிறது ரொம்ப ஆபத்து, ஆளுங்க தூங்குற இடம்னா உயரம் பார்த்தா தீ பிடிக்குது?

அந்த கடைக்கார தம்பி வந்து டேப் பிடிச்சு ஒவ்வொரு ரூமா அளந்து கையாலயே டிராயிங் போட்டார். மாடிக்கு ஒரு ஜோன்னு பிரிச்சு கன்வென்ஷனல் பேனல் (எந்த மாடின்னு மட்டும் காட்டுற கன்ட்ரோல் பெட்டி), எங்க சைஸுக்கு அட்ரஸபிள் (எந்த டிடெக்டர்னே காட்டுறது) வேண்டாம், காசு தண்டம்னு அவரே சொன்னார். புகையை கண்டுபிடிக்கிற ஸ்மோக் டிடெக்டர் ஒண்ணு தட்டையான சீலிங்கா இருந்தா 100 சதுர மீட்டர் வரைக்கும் பார்க்கும், ஆனா நடுவுல சுவர் வந்தா அந்த கணக்கு செல்லாது, அதனால ரூமுக்கு ஒண்ணு. எனக்கு ரொம்ப பிடிச்சது கிச்சன் விஷயம். இன்னொரு கொட்டேஷன்ல அங்கயும் ஸ்மோக் டிடெக்டர்தான் போட்டிருந்தாங்க, இவர் அங்க சூட்டை வச்சு அடிக்கிற ஹீட் டிடெக்டர்தான்னு பிடிவாதமா நின்னார். காலைல மிளகா தாளிக்கும்போதெல்லாம் ஹூட்டர் (அலாரம் சைரன்) கத்துச்சுன்னா ஒரே வாரத்துல யாராச்சும் பேனலை ஆஃப் பண்ணி வச்சிருவாங்க, அப்புறம் நிஜமா எரியும்போது அது ஊமையாத்தான் நிக்கும். பூஜை ரூம் வாசல்ல சாம்பிராணி போடுற இடத்தைக்கூட கேட்டுட்டுதான் டிடெக்டரை தள்ளி வச்சார்.

கேபிள் சிவப்பு கலர் எஃப்ஆர்எல்எஸ் (சீக்கிரம் தீப்பிடிக்காத, புகை கம்மியா விடுற ஒயர்), எங்கயும் கரண்ட் ஒயர் பைப்புக்குள்ள சேர்த்து விடல. பேனலுக்கு தனி எம்சிபி சுவிட்ச், கண்ணாடியை உடைச்சு அலாரம் அடிக்கிற பாக்ஸ் ஒவ்வொரு மாடியிலயும் படிக்கட்டு பக்கத்துல 1.4 மீட்டர் உயரத்துல.

டெஸ்டிங் பத்தி விரிவா சொல்லியே ஆகணும். நீளமான குச்சில ஸ்மோக் ஸ்ப்ரேயை மாட்டி ஒவ்வொரு டிடெக்டருக்கும் காட்டுனாங்க, சும்மா ஒண்ணு ரெண்டு இல்ல எல்லாத்துக்கும், டிடெக்டர்ல சிவப்பு லைட் நிக்குதா, கீழ பேனல்ல சரியான மாடி எரியுதான்னு ஒருத்தர் போன்ல சொல்ல இன்னொருத்தர் எழுதுறார். அப்புறம் மெயினை ஆஃப் பண்ணி பேட்டரில ஓடுதான்னு பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஒரு சவுண்ட் மீட்டரை எடுத்துட்டு மூணாவது மாடி கடைசி ரூமுக்குப் போயி கதவை சாத்திட்டு தலையணை மேலயே வச்சு அளந்தார். தூங்குறவங்களை எழுப்பணும்னா படுக்கைல 75 டெசிபல் கேட்கணுமாம், அங்க அறுபத்தி சொச்சம்தான் காட்டுச்சு. வராண்டால நின்னா காது கிழியுது, உள்ள அவ்வளவுதான்! மறு பேச்சு இல்லாம அந்தக் கோடில இன்னொரு ஹூட்டர் போட்டார், அதுக்கு தனியா காசு கேட்கல. இதை அவர் அளக்காம போயிருந்தா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்கவே தெரியாது, லைசென்ஸும் வந்திருக்கும், அந்த ரூம்ல தூங்குற ரெண்டு பொண்ணுங்களுக்கு மட்டும் சத்தம் போதாம போயிருக்கும்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த சார் டிடெக்டரை விட முதல்ல பார்த்தது கீழ இருக்க மடக்கு கேட்டைத்தான். "ராத்திரி சாவி யார்கிட்டம்மா?"ன்னு கேட்டார். வார்டன்கிட்டன்னோம். அலாரம் அடிச்சு எல்லாரும் இறங்கி வந்து பூட்டுன கேட்டுகிட்ட நின்னா என்ன பிரயோஜனம்னு சொல்லி, உள்ள இருந்து சாவி இல்லாம திறக்குற மாதிரி தாழ்ப்பாள் போடச் சொன்னார். பாதுகாப்புக்குன்னு பூட்டுறதுதான் எல்லா லேடீஸ் ஹாஸ்டல்லயும் வழக்கம், ஆனா அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி, இப்ப வெளியில இருந்து திறக்க முடியாது, உள்ள இருந்து யார் வேணா திறக்கலாம். கேஸ் சிலிண்டரையும் கட்டடத்துக்கு வெளிய கூண்டுல வைக்கச் சொன்னார். ரெண்டையும் முடிச்சு போட்டோவோட காமிச்ச பிறகு லைசென்ஸ் வந்துச்சு. கடைக்காரர் சொன்ன மாதிரியே அன்னைக்கு முழுக்க கூட நின்னு கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்.

குறைன்னா ரெண்டு. சுவர்ல டிரில் போட்ட இடமெல்லாம் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க, பெயிண்டரை நாங்களேதான் கூப்பிட்டோம். ஃபைனல் டிராயிங்கை குடுக்குறதுக்கு ரொம்ப இழுத்தடிச்சார், அது இல்லாம அப்ளிகேஷன் நின்னு போச்சு, போன் மேல போன் போட்டுதான் வாங்குனோம். அரை மார்க் இதுக்குத்தான். நீங்க குடுக்குறதா இருந்தா டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் கடைசி பேமெண்ட்னு ஆரம்பத்துலயே எழுதி வாங்கிக்கோங்க.

ஃபயர் லைசென்ஸ் ரெனியூவல் சமயத்துல சிஸ்டம் ஓடுதான்னு கேட்பாங்க, அதனால ஏஎம்சியும் (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) அவர்கிட்டயே போட்டுட்டோம், ஒவ்வொரு தடவை டெஸ்ட் பண்ணும்போதும் லாக் புக்ல எழுதி வார்டன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க. ராத்திரி டெஸ்ட் வைக்கணும்னாலும் வர்றேன்னு சொல்லியிருக்கார். கடை பேரு வேணுங்கிறவங்க தனியா கேளுங்க, மேலூர், திருமங்கலம் வரைக்கும் வந்து பார்க்குறாங்க.