மின்சார மினியிலிருந்து பெட்ரோல் மினிக்கு: பாண்டி–கடலூர் சாலையில் இரண்டு வண்டிகள்

மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக மினி கூப்பர் எஸ்இ கார் ஓட்டினேன். அதை விற்றுவிட்டு, ஒருவர் ஓட்டிய மினி கூப்பர் எஸ் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்னது முழு மின்சாரம், இது இரண்டு லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பெட்ரோல். உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான். அதே மூன்று கதவு, அதே 211 லிட்டர் டிக்கி. வண்டியை உயிர்ப்பிக்கும் சுவிட்ச் மின்சார வண்டியில் மஞ்சள், பெட்ரோல் வண்டியில் சிவப்பு. வலது பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் மூடியைத் திறந்தால் அதில் சார்ஜர் சொருகும் இடம், இதில் பெட்ரோல் ஊற்றும் வாய். வேறு எந்த இரண்டு வண்டியை ஓட்டியிருந்தாலும் மின்சாரத்தையும் பெட்ரோலையும் இவ்வளவு நேராக ஒப்பிட்டிருக்க முடியாது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

மாற்றப்போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பேட்டரி போயிடுச்சா?" இல்லை. பேட்டரி, மோட்டார் எதிலும் ஒரு குறையும் வரவில்லை. ஊருக்குள் ஓட்ட அதைவிட நல்ல வண்டியை நான் ஓட்டியதில்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் வண்டி ஓட்டுவது எனக்கு வெறும் போக்குவரத்து இல்லை. விடியற்காலையில் எழுந்து, காரணம் எதுவும் இல்லாமல் நூறு இருநூறு கிலோமீட்டர் போய்விட்டு வருகிற ஆள் நான். அந்தப் பழக்கம் மின்சார வண்டி வந்த பிறகு மெல்ல மெல்ல நின்றுபோனது. அது திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் மாற்றினேன்.

முதலில் மின்சார வண்டிக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு லாஸ்பேட்டை, தொழில் கடலூர் மஞ்சக்குப்பம். காலையில் ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம், மரப்பாலம், அரியாங்குப்பம் என்று வரிசையாக நின்று நின்று போக வேண்டும். தவளக்குப்பம் தாண்டினால்தான் சாலை கொஞ்சம் மூச்சு விடும். இந்த வழியில் எஸ்இ ஓட்டுவது அப்படி ஒரு நிம்மதி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்து நின்றுவிடும், வேகம் குறையும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரமும் திரும்ப ஏறும். பிரேக்கைத் தொடாமலே மரப்பாலம் நெரிசலைத் தாண்டிய நாட்கள் உண்டு. சிக்னல் பச்சையானதும் ஒரு மிதி. 270 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நின்ற இடத்திலிருந்தே முழுதாகக் கிடைக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.9 வினாடி போதும். பக்கத்தில் நிற்கிற பெரிய பெரிய வண்டிகளெல்லாம் கண்ணாடியில் சின்னதாகிவிடும்.

செலவும் அப்படித்தான். என் ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு 15, 16 யூனிட் ஆகும். யூனிட் 7 ரூபாய் என்று போட்டால் 110 ரூபாய் சொச்சம். இப்போது பெட்ரோல் மினி ஊருக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே நல்ல நாள். பாண்டியின் குறைந்த விலையில் போட்டாலும் அதே நூறு கிலோமீட்டருக்கு 950 ரூபாய்க்குக் குறையாது. எட்டு மடங்கு வித்தியாசம். எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்காகக் காத்திருக்கும்போது ஏசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். சத்தமில்லை, புகையில்லை, நின்று பார்க்கிறவர் யாருமில்லை.

சரி, இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விட்டேன்?

எஸ்இயின் பேட்டரி 32.6 கிலோவாட் மணி, அதாவது 32.6 யூனிட். அதில் ஓட்டத்துக்குக் கிடைப்பது 29க்குக் கொஞ்சம் கீழே. ஐரோப்பியச் சோதனைக் கணக்கில் 270 கிலோமீட்டர் ஓடும் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. நம் ஊர் வெயிலில், ஏசியோடு, ஈசிஆரில் 90, 100 வேகத்தில் போனால் இருநூறை ஒட்டித்தான் எனக்குக் கிடைத்தது. வாங்கும்போதே தெரிந்த விஷயம் இது, யாரும் ஏமாற்றவில்லை. நகரத்துக்கென்று செய்த வண்டி, அதனால்தான் இவ்வளவு சின்ன பேட்டரி, அதனால்தான் எடையும் கட்டுக்குள் நின்றது. கடலூர் போய்வர தாராளம். ஆனால் சென்னை இங்கிருந்து 150 கிலோமீட்டர். போய்விடலாம், அங்கே சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. திருவண்ணாமலை போய்வருவதென்றால் நூல் பிடித்த மாதிரி ஓட்ட வேண்டும்.

ஒருமுறை தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து அம்மாவோடு ஈசிஆரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் சார்ஜ் போட வழியில்லை, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். நான் குறித்து வைத்திருந்த இடத்தில் இரண்டு சார்ஜ் கன். ஒன்றில் திரை அணைந்து கிடந்தது. இன்னொன்றில் ஒரு டாக்ஸி, இருபது சதவீதத்தில் அப்போதுதான் சொருகியிருந்தார்கள். டிரைவர் தம்பி நல்ல பையன். "அண்ணே, எனக்கு எண்பது ஏறினா போதும், எடுத்துடுறேன்" என்றார். அவர் எடுத்த பிறகு நான் சொருகினால் மெஷின் என் போன் செயலியோடு பேச மறுத்தது. உதவி எண்ணுக்கு அழைத்து, அவர்கள் தூரத்திலிருந்து அணைத்துப் போட்டு, அப்புறம்தான் ஏறத் தொடங்கியது. அதிகபட்சம் 50 கிலோவாட் வாங்கும் வண்டி, நல்ல மெஷினில் 35, 40 நிமிடத்தில் எண்பது சதவீதம் வந்துவிடும். அன்று மெஷின் அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சுற்றிலும் ஒரு டீக்கடை கிடையாது, விளக்கும் ஒன்றே ஒன்று. கையில் இருந்த கல்யாண லட்டைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா "நீ பதட்டப்படாத, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அந்த வார்த்தைதான் என்னை அதிகம் வருத்தியது.

ஆனால் இந்த மாதிரி இரவுகள் அபூர்வம். என்னை மாற்ற வைத்தது வேறு. எங்கே கிளம்பினாலும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. மரக்காணம் உப்பளத்தைப் பார்க்கும்போதே சதவீதத்தைப் பார்ப்பேன். செஞ்சிக்கோட்டை வரை வந்தோமே, அப்படியே இன்னும் கொஞ்சம் போகலாமா என்று தோன்றும், உடனே கண் மீட்டருக்குப் போகும், கை வண்டியைத் திருப்பிவிடும். கையில் எண்ணி வைத்த காசோடு திருவிழாவுக்குப் போவது போல. நல்ல சாலை தெரிந்தால் வேகமாகப் போகத் தோன்றாது, அப்படிப் போனால் பேட்டரி இறங்குமே. ஸ்போர்ட்ஸ் குணம் உள்ள ஒரு வண்டியை வாங்கிவிட்டு அதன் ஸ்போர்ட்ஸ் குணத்தைத் தொடாமல் சிக்கனமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தது நினைவிருக்கும். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் மூழ்கியது. எங்கள் தெருவில் கரண்ட் வரத் தாமதமானது, வண்டியில் பாதி சார்ஜ்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் சாலையே இல்லை, எந்த வண்டியாலும் பெரிய பயன் இல்லை, பெட்ரோல் பங்குகளிலும் ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் நீண்ட வரிசை. அதனால் புயலைக் காட்டி மின்சார வண்டியைக் குறை சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம். நம் கடற்கரையில் இருக்கிறவர்கள் மழைக்காலத்தில் மாலையிலேயே சார்ஜை நிரப்பி வைக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

விற்கப் போனபோது கிடைத்த விலை மனதை நோகடித்தது. 2022 பிப்ரவரியில் 47.20 லட்சம் விலையில் அறிமுகமான வண்டி. பேட்டரி நிலையைப் பார்க்கக்கூட யாரும் கேட்கவில்லை, "எலெக்ட்ரிக் பழசுக்கு ஆள் இல்ல சார்" என்ற ஒரே பதில். எட்டு வருடப் பேட்டரி உத்தரவாதத்தில் பாதிக்கு மேல் மீதி இருக்கும் வண்டிக்கு இந்த நிலை. வாங்குகிற பக்கம் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. வீட்டில் சார்ஜர் வைக்க இடமிருந்து, ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால், பழைய மின்சார வண்டியைத் தேடிப் பாருங்கள்.

இனி பெட்ரோல் மினி.

காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. எஸ்இ 184 குதிரைத்திறன், கூப்பர் எஸ் 192. நூறைத் தொட அதற்கு 7.3 வினாடி, இதற்கு 6.7. சிக்னலில் எஸ்இதான் துள்ளும், எண்பதைத் தாண்டிய பிறகு எஸ் விலகிப் போய்விடும். மின்சார வண்டி 150க்கு மேல் போகாது. நம் சாலையில் அது ஒரு பொருட்டே இல்லை.

எடையில்தான் இருக்கிறது விஷயம். எஸ்இ சுமார் 145 கிலோ அதிகம். அந்த எடை வண்டியின் அடித்தளத்தில் பதிந்திருப்பதால் ஈர்ப்பு மையம் 30 மில்லிமீட்டர் கீழே இருக்கும், வளைவில் சாயாது, ஒட்டிக்கொண்டு போகும். ஈசிஆரில் மணல் அடித்துக் கிடக்கும் இடங்களிலும் மழையிலும் சக்கரம் சுழலாமல் பிடிப்பதில் எஸ்இ கெட்டிக்காரி, மோட்டாரிலேயே அந்தக் கட்டுப்பாடு இருப்பதால் அவ்வளவு வேகம். பெட்ரோல் வண்டியில் அதே இடத்தில் ஸ்டீயரிங் கையில் லேசாக இழுக்கும், முன்சக்கரம் ஒரு நொடி தடுமாறும். ஆனால் அடுத்தடுத்து வளைவு வந்தால், இந்தப் பக்கம் திருப்பி உடனே அந்தப் பக்கம் திருப்பும்போது, பெட்ரோல் வண்டி கையோடு வருகிறது. மின்சார வண்டி ஒரு கணம் தன் எடையை மாற்றிக்கொண்டுதான் வரும்.

இதை முழுசாக உணர்ந்தது கொல்லிமலையில். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகப் போய் காரவள்ளி அடிவாரம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகுதான் மலையே ஆரம்பிக்கும். எஸ்இயில் இந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். 70 கொண்டை ஊசி வளைவு. கியர் லீவரை இடப்பக்கம் தள்ளி எஸ் (ஸ்போர்ட்) நிலையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் முன்னால் தள்ளினால் கியர் இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறும். வளைவுக்கு முன் பிரேக், லீவர் முன்னால் ஒரு தட்டு, எஞ்சின் 'வ்ர்ர்' என்று எகிறி இரண்டாவது கியரில் உட்காரும். வண்டி மூக்கை உள்ளே விடும். பாதி வளைவில் காலை மெல்ல அழுத்தினால் டர்போ ஒரு மூச்சு இழுக்கும், அந்த அரை நொடி எதுவும் நடக்காது, அப்புறம் மொத்த விசையும் வந்து முதுகைத் தள்ளும். அந்த அரை நொடியை முன்கூட்டியே கணித்து, விசை வரும்போது வண்டி நேராக நிற்கும்படி காலை எப்போது வைப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டும். முப்பதாவது வளைவுக்கு மேல் எனக்குக் கைவந்தது. மின்சார வண்டியில் இந்த வேலையே கிடையாது. கேட்டது கேட்ட கணமே கிடைக்கும். ஓட்டுகிறவன் செய்து முடித்த காரியம் என்று சொல்லிக்கொள்ள அதில் எனக்கு எதுவும் மிஞ்சியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மலையிறங்கும்போது எஸ்இயாக இருந்திருந்தால் அந்த இறக்கத்தில் ஒரு பகுதி மின்சாரமாகத் திரும்பி வந்திருக்கும். இதில் கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் இறங்கி, போதாததற்குப் பிரேக்கையும் சூடாக்கி, கீழே வரும்போது வாடை அடித்தது.

தினசரி ஓட்டத்தில் பெட்ரோல் மினி தொல்லைதான். தானாகக் கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மரப்பாலம் நெரிசலில் ஊர்ந்து போவதை விரும்புவதில்லை, லேசாகத் தயங்கித் தயங்கிப் போகும். வெயிலில் பானெட் மேல் கை வைக்க முடியாது. கடற்காற்றில் சைலன்சர் குழாயில் துரு சீக்கிரம் ஏறுகிறது. அதனால் மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ விடுகிறேன்.

பெட்ரோல் போடுவது கடலூரிலிருந்து திரும்பும் வழியில் கன்னியக்கோவில் பக்கம். முள்ளோடை தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் வந்தாலே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அதனால் கடலூர்க்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள். "சார், பவரா சாதாவா?" என்று பையன் கேட்பான். இந்த எஞ்சினுக்கு நான் ஆக்டேன் கூடிய பவரையே போடுகிறேன். 2025 முதல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பொதுவாகக் கிடைக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிபடும். ஈரத்தையும் அது இழுக்கும். நம்மைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள், வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தும் பழக்கம் இருந்தால், டேங்கைக் காலியாக விட்டு நிறுத்தாதீர்கள்.

44 லிட்டர் டேங்க். நெடுஞ்சாலையில் 15க்குக் குறையாமல் கொடுக்கிறது. அறுநூறு கிலோமீட்டருக்கு மீட்டரை நான் பார்ப்பதில்லை. ஞாயிறு விடிகாலையில் திண்டிவனம் வரை என்று கிளம்பி, செஞ்சி போய், அங்கிருந்து திருவண்ணாமலையில் இட்லி சாப்பிட்டு, போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறிவிட்டு வந்த நாட்கள் இந்த வருடத்தில் நிறைய.

வீட்டுச் சுவரில் மாட்டிய சார்ஜரைக் கழற்றவில்லை. மனைவியின் பெட்ரோல் வண்டிக்கு வயதாகிவிட்டது, அடுத்து அவருக்கு வாங்கப்போவது மின்சாரம்தான். அவர் ஓட்டமெல்லாம் பாண்டிக்குள், மிஞ்சினால் கடலூர். எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேட்டரி 40 கிலோவாட் மணிக்குக் குறையக் கூடாது, சார்ஜ் மூடி முன்பக்கம் இருக்க வேண்டும் என்கிறார், எங்கள் ஷெட்டில் வண்டியைத் திருப்ப இடமில்லை.