கூலிங் வெஸ்ட்: வறண்ட ஊருக்குச் சரி, கடற்கரை ஊருக்கு வேண்டாம்

தண்ணீரில் நனைத்துப் போடும் கூலிங் வெஸ்டை (உடம்பைக் குளிர்விக்கும் கையில்லாத மேலுடை) சைட் ஆட்களுக்கு மொத்தமாக வாங்கும் முன், உங்கள் ஊரின் ஈரப்பதத்தைப் பாருங்கள். துணி மடிப்புகளுக்குள் தண்ணீரை உறிஞ்சும் பாலிமர் இருக்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு குறையும். 40 டிகிரி வெப்பம், 20 சதவீத ஈரப்பதம் என்றால், நல்ல காற்றோட்டத்தில் ஈரத்துணி சுமார் 23 டிகிரி வரை குளிரும். 35 டிகிரி, 65 சதவீதம் என்றால் 29க்குக் கீழே இறங்காது. வேலூர், கரூர் பக்கம் வறண்ட மே மாத வெயிலுக்கு இது நல்ல பொருள். சென்னை, தூத்துக்குடியில் கடல்காற்று ஏறிய பிறகு வெறும் ஈரச்சுமைதான்.

நனைக்க இரண்டு முதல் ஐந்து நிமிடம் போதும். முறுக்கிப் பிழியாதீர்கள், தையல் பிரிந்து பாலிமர் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். போர்த் தண்ணீரில் நனைத்த வெஸ்ட் சில வாரத்தில் உப்புவதே இல்லை என்று பலர் குறை சொல்வதற்குக் காரணம் உண்டு: கடின நீரிலுள்ள கால்சியம், பாலிமரின் உறிஞ்சும் திறனைக் கெடுக்கிறது. முடிந்தால் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் மடித்து மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் விரித்துக் காயவிட வேண்டும்.

பெரிய தவறு, இதன்மேல் காற்றுப் புகாத ஒளிரும் ஜாக்கெட்டை மாட்டுவது. ஆவியாக வழியில்லாமல் உள்ளே புழுக்கம்தான் கூடும். வலைத்துணி ஜாக்கெட் வாங்குங்கள்.

கடற்கரை சைட்டுக்கு, உருகும்போது உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும் உறைபொருள் பேக் வைத்த வெஸ்ட் பொருந்தும். ஈரப்பதம் அதைப் பாதிக்காது. ஆனால் இரண்டு கிலோ அளவுக்குக் கனம். இரண்டு மூன்று மணி நேரத்தில் பேக் உருகிவிடும். ஆளுக்கு இரண்டு செட்டும், மீண்டும் உறையவைக்க ஐஸ் தண்ணீர்ப் பெட்டியும் இல்லாமல் வாங்கினால் காசு வீண்.

எந்த வெஸ்டும் ஓய்வுக்கு ஈடாகாது, இதை மேஸ்திரிகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், நிழலில் இடைவேளை இரண்டும் முதலில் வேண்டும். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வெயில் வேலை 20 சதவீத நேரம்தான். தினமும் 20 சதவீதம் கூட்டலாம். யாராவது உளறினாலோ தள்ளாடினாலோ வெஸ்டைக் கழற்றி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.