குற்றம் என் கட்டைவிரலில் இல்லை: ஒரு 16,500 ரூபாய் கீபோர்டு

நாலாயிரம் தருகிறாராம். 37 நாளுக்கு முன்னால் நான் 16,500 ரூபாய் எண்ணிக் கொடுத்த இசைக் கீபோர்டுக்கு, அதை எனக்கு விற்ற அதே கடையில், அதே மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நாலாயிரம். அதையும் கையில் தரமாட்டாராம். புதிதாக ஒன்று எடுத்தால் விலையில் கழித்துக்கொள்வாராம். இன்று மதியம் நடந்தது இது. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் ஆறினால் "போகட்டும், நம்ம நேரம்" என்று விட்டுவிடுகிற ஆள் நான், அதனால்தான் இந்த அவசரம்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இசைக்கருவி விற்று, பழுதும் பார்த்து, மாடியில் வகுப்பும் நடத்துகிற நடுத்தரக் கடை. அவ்வளவு போதும்.

எனக்கு 46 வயது. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் ஜண்டை வரிசையோடு நின்றுபோனவள். பியானோ ஆசை அப்போதிருந்தே உண்டு. இந்த வருடம் சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது, வகுப்புக்குப் போக நேரமில்லை, வீட்டிலேயே வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு போய் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் படித்தேன். முழு பியானோவுக்கு 88 கட்டை (விரலால் அழுத்துகிற கீ), ஆரம்பிக்கிறவருக்கு ஐந்து ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரை ஒரு ஸ்தாயி) வருகிற 61 கட்டை போதும். கட்டையின் அகலம் பியானோ கட்டையின் அகலமாக இருக்க வேண்டும், குழந்தைகளுக்கு விற்கிற குட்டிக் கட்டை கூடாது. காலால் மிதித்து ஒலியை நீட்டுகிற சஸ்டெய்ன் பெடல் மாட்ட பின்னால் துளை இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், டச் இருக்க வேண்டும். மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, அழுத்தித் தொட்டால் பெரிய ஒலி. டச் இல்லாத கீபோர்டில் பழகினால் விரல் காலிங் பெல் அடிக்கத்தான் பழகும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு கடைக்காரர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "அக்கா, இவ்வளவு விவரமா வர்றவங்களுக்கு நான் சும்மா ஏதோ ஒண்ணைக் காட்ட மாட்டேன்" என்றார். உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவரச் சொன்னார். பெரிய கம்பெனியின் 61 கட்டை. "புதுசு 24,000-க்கு மேல. இது டிஸ்ப்ளே பீஸ், கடையை விட்டு வெளிய போகாதது. உங்களுக்கு 16,500. ஸ்டாண்டும் கவரும் என் கணக்கு." அப்புறம் உட்கார்ந்து வாசித்தார். என்ன வாசிப்பு! பின்னால் தாளம் ஓடுகிறது, வலது கை நடுவில் ஓடியாடி விளையாடுகிறது. கடைக்கு வந்திருந்த ஒரு பெரியவர்கூட நின்று கேட்டார். முடித்துவிட்டு எழுந்து, "நீங்க தொட்டுப் பாருங்க அக்கா" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

நான் உட்காரவில்லை. அங்கேதான் தோற்றேன். வாசிக்கத் தெரியாதவள், அந்த வாசிப்புக்குப் பிறகு, பத்துப் பேர் பார்க்க எதைத் தொடுவது? ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். 61 கட்டையில் ஒன்று. தேங்காய் வாங்கினாலே தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். 16,500 ரூபாய்ப் பொருளைத் தொட வெட்கப்பட்டேன்.

பில் கேட்டேன். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ஒரு வருஷம் கடை வாரண்டி, என் வாய்தான் வாரண்டி, நம்ம கடை எங்க ஓடிடப் போகுது?"

வீட்டில் ஆரம்பித்தேன். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கையில் சி மேஜர், அதாவது நம் சங்கராபரணம். ச ரி க மூன்றும் 1, 2, 3. அப்புறம் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து ம-வில் வைக்க வேண்டும், அங்கிருந்து 2, 3, 4, 5 என்று மேல் ச வரை. கற்றுக்கொள்கிற எல்லோரும் தடுமாறுகிற இடம் இந்தக் கட்டைவிரல் நுழைவு. எனக்கும் தடுமாறியது. ச ரி க அழகாக வரும், ம மட்டும் 'டங்' என்று அறையும். வீடியோவில் சொல்கிறார்கள், கட்டைவிரல் கனமான விரல், நுழையும்போது தொப்பென்று விழும், அதை அடக்கப் பழகுங்கள் என்று. சரி, என் விரல்தான் என்று நினைத்துக்கொண்டேன். மணிக்கட்டைத் தளர்த்தினேன், நாற்காலியை உயர்த்தினேன், இரவு பத்து மணிக்கு மேல் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த ஒரே இடத்தை நூறு தடவை வாசித்தேன். மூன்று வாரம்! அலுவலகத்தில் மேசை விளிம்பில்கூட அந்தக் கட்டைவிரலை நுழைத்துப் பழகியிருக்கிறேன். இந்த வயதில் இது வராது போலிருக்கிறது என்று ஒரு நாள் அழுதும்விட்டேன். 16,500-ஐவிட இதுதான் இப்போது எரிகிறது.

24-ஆம் நாள் எதிர்வீட்டுப் பையன் வந்தான். சர்ச் கொயரில் வாசிக்கிறவன். உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஆன்ட்டி, இந்த ம போயிருக்கு. உங்க விரல் இல்ல" என்றான். சுட்டுவிரலால், பூவைத் தொடுவதுபோல் தொட்டுக் காட்டினான். டங். பிறகு மெனுவுக்குள் போய் டச்சை ஆஃப் செய்துவிட்டு வாசித்தான். எல்லாக் கட்டையும் ஒரே அளவு ஒலி, ம-வும் சாது மாதிரி. மறுபடி ஆன் செய்தான். டங். கடையில் அவர் வாசித்தது எப்படி அவ்வளவு சீராக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. டச்சை அணைத்துவிட்டு வாசித்திருக்க வேண்டும், வேறு எப்படி? கீபோர்டை அணைத்துப் போட்டால் டச் தானாகப் பழையபடி ஆன் ஆகிவிடுகிறது. இடது கைப் பக்கம், நான் இன்னும் போகவே போகாத கீழ் ஸ்தாயியில், இரண்டு கட்டைகளில் சத்தமே இல்லை. கடைக்காரரும் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை, தாளம்தான் ஓடியது.

ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோய்த் திறந்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பரில் இரண்டு கார்பன் பொட்டு இருக்கிறது. கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் படும், மற்றது அடுத்துப் படும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை வைத்துத்தான் நாம் மெதுவாகத் தொட்டோமா ஓங்கினோமா என்று கருவி கணக்குப் போடுகிறது. அழுக்கோ ஈரமோ ஏறி முதல் பொட்டு தாமதமாகப் பட்டால் இடைவெளி சுருங்கிவிடும், ஓங்கி அடித்ததாகக் கருவி நினைத்துக்கொள்ளும். என் ம-வுக்கு நடந்தது அதுதான். உள்ளே போர்டின் ஓரத்தில் தண்ணீர் நின்ற கோடு. திருகாணிகளில் துரு. வரிசை எண் ஒட்டுத்தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. கடையை விட்டு வெளியே போகாத டிஸ்ப்ளே பீஸ் எங்கே போய் நனைந்தது? "இதுக்கு மேல காசு போடாதீங்கம்மா" என்று சொல்லி 300 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

25-ஆம் நாள் கடைக்கு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பாக்கிறேன் அக்கா." மறுநாள், சர்வீஸ் பையன் லீவு. அதற்கு மறுநாள், ஓனர் ஊரில் இல்லை (இவர்தான் ஓனர் என்றல்லவா நினைத்திருந்தேன்?). பிறகு, "உங்க வீட்ல வோல்டேஜ் ஏத்த இறக்கம் இருக்கும் மேடம்." அக்கா மேடமானது அன்றுதான். பிறகு கரப்பான் பூச்சி. பிறகு, "புதுசாக் கத்துக்கறவங்க அழுத்தி வாசிப்பாங்க, அதுல போயிருக்கும்." இரண்டு நீலக் கோடு விழுந்த பிறகும் பதில் வராத நாட்கள் நான்கு. இன்று நேரில் போனேன். "ஒரு மாசம் தாண்டிடுச்சேம்மா, இப்ப வந்து சொன்னா?" என்றார். பன்னிரண்டு நாள் இழுத்தது அவர். சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையைக் காட்டினார். வாரண்டி என்று வாயைத் திறந்தேன். சீட்டில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. கம்பெனி சர்வீஸுக்குப் போனால் பில்லும் வரிசை எண்ணும் கேட்பார்கள், என்னிடம் இரண்டும் இல்லை. அப்புறம்தான் அந்த நாலாயிரம். மாடியில் யாரோ ஒரு குழந்தை ச ரி க ம வாசித்துக்கொண்டிருந்தது. அந்த ம நன்றாகவே கேட்டது.

அலுவலகத்தில் ஒரு தோழி சொல்லித்தான் தெரியும்: பில் தராமல் இருப்பதும், பில்லில் வேறு கெடு இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 25-ஆம் நாள் அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோ பத்திரமாக இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லையாம்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு எதை வாங்குவது, எப்படித் தானே கற்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு மனசில்லை. அவசரத்துக்கு இது மட்டும். கடையில் உட்காருங்கள். யார் சிரித்தாலும் சரி, இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு கட்டையையும், கறுப்பையும் சேர்த்து, ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை அழுத்தியும் தொடுங்கள். அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. தாளத்தை நிறுத்தச் சொல்லுங்கள், டச் ஆன் என்று திரையில் பாருங்கள். அடியில் வரிசை எண் இருக்கிறதா பாருங்கள், அதை பில்லில் எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. பழையது வாங்கினால் அடாப்டரையும் பாருங்கள்: பழைய காசியோ பலவற்றுக்கு 9 வோல்ட், செருகியின் நடுமுனை மைனஸ். யமஹா பலவற்றுக்கு 12 வோல்ட், நடுமுனை பிளஸ். மாற்றிச் செருகினால் போயே போச்சு.

கடை எது என்று கேட்காதீர்கள், புகார் முடியும்வரை சொல்ல மாட்டேன். 'டிஸ்ப்ளே பீஸ், 16,500' என்று யாராவது உங்களை அக்கா என்று கூப்பிட்டுக் காட்டினால், கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையைத் தொட்டுப் பாருங்கள். என்னுடையது வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அவரிடம் ஒன்றுதான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.